கழுகு வராவிட்டால் என்ன?

எங்கள் செங்கல்பட்டு பென்ஷன்காரர்கள் வட்டாரத்தில் சில வருடங்களாக ஒரு ஐரோப்பா மோகம் பிடித்திருக்கிறது. பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருந்தால் போதும், பத்து நாளில் ஏழு தேசம் பார்க்கும் டூருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். இந்துக்கள் ரோம் பார்த்து வருகிறார்கள், கிறிஸ்தவ நண்பர்கள் லூர்துக்குப் போய்வருகிறார்கள். போகட்டும், சந்தோஷம். ஊர் உலகம் பார்ப்பது நல்லதுதான். திரும்பி வந்ததும் போட்டோவைக் காட்டி, "சார், அவனுங்க பழசை எப்படி வச்சிருக்கான் பாருங்க, நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

"பதினாலு கிலோமீட்டரில் திருக்கழுக்குன்றம் இருக்கிறதே, கடைசியாக எப்போது போனீர்கள்?" என்று கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேரின் பதில் ஒன்றுதான்: "அங்கே இப்போ என்ன சார் இருக்கு? கழுகுதான் வர்றதில்லையே!"

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. இது தவறான வாக்கியம். ஐரோப்பாவைப் பார்த்து வந்தவர் வாயிலிருந்து வந்தால் இன்னும் பெரிய தவறு. ஏனென்றால் அங்கே இவர்கள் பார்த்து வியந்த பழைய ஊர்கள் எதுவும் இந்தக் கணக்கில் பிழைத்திருக்காது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் பள்ளிக்கூடம் படித்தவன். எங்கள் வாத்தியார்கள் கற்றுக்கொடுத்த தேசப்படத்தில் செங்கல்பட்டு ஜில்லா கிடையாது. ஆனால் பிரான்சிலிருந்து ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகோவுக்கு யாத்திரிகர்கள் நடந்துபோன நான்கு பாதைகளும் எங்கிருந்து கிளம்புகின்றன என்று கேட்டால் இன்றைக்கும் சொல்வேன்: தூர், வெஸ்லே, லெ புய், ஆர்ல். பிரெஞ்சில் 'சேன் ழாக்' என்று சொல்லும் அந்தப் புனிதரை நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்கள். ஏசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபுதான் அவர். அவருடைய உடல் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகரத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஆயிரம் வருஷத்துக்கும் மேலாக ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது ஒரு சங்கதி சொல்கிறேன். 1589இல் பிரான்சிஸ் டிரேக் என்ற ஆங்கிலேயக் கப்பல் தளபதி பக்கத்துத் துறைமுகமான லா கொருஞ்ஞாவைத் தாக்கினான். அவன் இங்கேயும் வந்துவிடுவானோ என்று பயந்து, சந்தியாகோவின் பேராயர் அந்த எலும்புகளை எடுத்து ஒளித்துவைத்தார். ஒளித்த இடம் மறந்தே போய்விட்டது. 1879இல் தேவாலயத்தின் தரையைத் தோண்டியபோதுதான் மறுபடி கிடைத்தது. அதாவது 290 வருஷம், எந்தப் பொருளைத் தரிசிக்க அந்த ஊருக்குப் போனார்களோ அந்தப் பொருள் எங்கே என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கிடைத்த எலும்பு அவருடையதுதானா என்று சரித்திரக்காரர்கள் இன்றும் சந்தேகப்படுகிறார்கள். கூட்டம் குறைந்த காலங்களும் உண்டு. ஆனாலும் "எலும்புதான் காணோமே, இனி அங்கே என்ன இருக்கு?" என்று சொல்லி யாரும் அந்த ஊரைக் கைகழுவவில்லை.

நமக்கோ, இரண்டு பறவை வராமல் போனதும் ஒரு க்ஷேத்திரமே காலியாகிவிட்டது!

கழுகு வந்த காலத்தை நான் பார்த்தவன், ஆகவே அதையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் பட்சி தீர்த்தம் என்றால் அந்தக் காட்சிதான். உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மலைமேல் கூட்டம் சேரும். பண்டாரம் சர்க்கரைப் பொங்கலோடு பாறையில் உட்கார்ந்திருப்பார். வெள்ளை உடம்பும் மஞ்சள் முகமுமாக இரண்டு பறவைகள் வட்டமிட்டு இறங்கும். காசியில் குளித்துவிட்டு இங்கே சாப்பிட வருகின்றன என்று பக்கத்தில் நிற்பவர் குழந்தைக்குக் கதை சொல்வார். பறவைகள் சாப்பிட்டுப் பறந்ததும் கூட்டம் மளமளவென்று இறங்கும். கீழே நிற்கும் டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடிக்கும். ஒரு மணிக்குள் எல்லோரும் மகாபலிபுரம்.

அந்தக் கூட்டத்தில் தாழக்கோயிலுக்குள் நுழைந்தவர்கள் எத்தனை பேர்? சங்கு தீர்த்தக் கரையில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம். உண்மையைச் சொன்னால், கழுகு வந்த நாளிலேயே நாம் திருக்கழுக்குன்றத்தைப் பார்க்கவில்லை. கழுகைத்தான் பார்த்தோம்.

சரி, அந்தப் பறவைகள் எங்கே போயின? தொண்ணூறுகளின் கடைசியில் வருவது நின்றபோது, கலி முற்றிவிட்டது என்றார்கள், ஊருக்குத் தோஷம் என்றார்கள். அதே வருஷங்களில் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. மாட்டுக்கு வலி, காய்ச்சல் என்று போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் முக்கியக் காரணம் என்று 2004இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மாடு செத்து, அதைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது பாறுகள் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் நீலகிரிப் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். ஆகவே தோஷம் ஊருக்கு இல்லை. நாட்டில் மனிதர்கள் செய்த காரியத்துக்கு ஒரு மலையும் ஒரு ஊரும் தண்டனை அனுபவிப்பது எந்த நியாயம்?

வேடிக்கை என்னவென்றால், திருக்கழுக்குன்றத்துக்கு வந்த அதே ஜாதிப் பறவை, பிரெஞ்சில் 'பெர்க்னோப்தேர்' என்பார்கள், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருக்கும் பிரெனே மலையில் கூடு கட்டுகிறது. சந்தியாகோவுக்கு நடந்துபோகிறவர்கள் அந்த மலையைத்தான் கடக்க வேண்டும். அங்கே அதற்குப் பொங்கல் வைப்பாரும் இல்லை, அதை நம்பி ஊரும் இல்லை.

இனி, "அங்கே என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தில் கோப்பு தள்ளியவன் நான். என் கண்ணில் முதலில் படுவது கோப்புதான். திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ஆதித்த சோழனுடைய 27ஆவது ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1,100 வருஷத்துக்கு முந்தியது. விஷயம் இதுதான்: இந்தக் கோயிலுக்குக் கந்தசிஷ்யன் என்ற பழைய மன்னன் இறையிலியாக நிலம் விட்டிருந்தான். வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அதை அப்படியே காத்தார். இப்போது ஒருவர் விண்ணப்பிக்க, சோழ மன்னனும் முன்பிருந்தபடியே தொடர ஆணையிடுகிறான். மனு, முன் உத்தரவு, அதற்கும் முந்திய உத்தரவு, புதுப்பித்தல், எல்லாம் கல்லில்! வம்சம் மாறியது, ராஜ்யம் மாறியது, ஆனால் முந்தியவன் கொடுத்ததைப் பிந்தியவன் பிடுங்கவில்லை. இந்தக் காலத்தில் ஒரு கட்சி போட்ட திட்டத்தை அடுத்த கட்சி பெயரோடு விட்டுவைத்தால் அதிசயம்.

வாதாபி கொண்டவர் யார்? மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மாமல்லன் நரசிம்மவர்மன். 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்களே, 2019இல் நம் பிரதமரும் சீன அதிபரும் நடந்து பார்த்தார்களே, அதே பல்லவர் சரித்திரம்தான் பதினைந்து கிலோமீட்டர் மேற்கே இந்த மலையிலும் இருக்கிறது. மலைக்கோயிலிலிருந்து இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் என்று பல்லவர் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. தூண், வாயிற்காவலர், கருவறை எல்லாம் ஒரே பாறையில் குடைந்தவை. மகாபலிபுரத்தில் இதுபோன்ற ஒன்றைப் பார்க்கக் கியூவில் நிற்கிறோம். இங்கே பெரும்பாலும் நீங்களும் ஒரு குரங்கும்தான்.

அந்த மண்டபத்துக் கல்லை உற்றுப் பாருங்கள். ஐரோப்பிய எழுத்தில் பெயர்கள் செதுக்கியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் இங்கே வந்து மலையேறிப் போட்ட கையெழுத்துகள் அவை. பல்லவன் குடைந்த கல்லில் கிறுக்கியது தப்புத்தான், நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். நம்மவர் லட்சக்கணக்கில் செலவழித்து ஐரோப்பாவுக்குப் போகிறார். ஐரோப்பாக்காரன் 300 வருஷத்துக்கு முன்பே, ரோடும் பஸ்ஸும் இல்லாத காலத்தில், வெயிலில் இந்த மலைக்கு ஏறி வந்து "நானும் வந்தேன்" என்று கல்லில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறான்.

தேவாரம் பாடிய மூவரும் இந்த ஊரைப் பாடியிருக்கிறார்கள். மாணிக்கவாசகர் இங்கே வந்து ஒரு பதிகமே பாடினார், இறைவன் இங்கே தனக்குக் காட்சி கொடுத்தார் என்று. அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். மலைமேல் வேதகிரீசுவரர், கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரர். தாழக்கோயிலில் திரிபுரசுந்தரி அம்மனுக்கு ஆடிப்பூரம், நவராத்திரி, பங்குனி உத்திரம் என்று ஆண்டில் மூன்று முறைதான் முழு அபிஷேகம், மற்ற நாளெல்லாம் பாதத்துக்கு மட்டும். நான்கு பக்கமும் கோபுரம். உள்ளே நுழைந்தால் காற்று வரும் பிராகாரம். நம் வயதுக்காரர்கள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாது.

சங்கு தீர்த்தத்தைச் சொல்லாமல் விட முடியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த நன்னீர்க் குளத்தில் ஒரு சங்கு தோன்றும், மார்க்கண்டேயருக்காக முதலில் தோன்றியது என்பது ஐதிகம். கடைசியாக 2024 மார்ச்சில் தோன்றி, மேளதாளத்தோடு கோயிலுக்கு எடுத்துப்போனார்கள். கார்த்திகைக் கடைசி சோமவாரம் 1,008 சங்காபிஷேகம் நடக்கும். கடலில் பிறக்கும் சங்கு குளத்தில் எப்படி வரும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சந்தியாகோ யாத்திரிகனின் அடையாளமும் கடல் சிப்பிதான். தொப்பியிலோ பையிலோ ஒரு சிப்பியைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். சிப்பிக்கு ஒரு கதை, சங்குக்கு ஒரு கதை. அந்தக் கதையைக் கைடு சொன்னால் வாயைப் பிளந்து கேட்டு, இந்தக் கதையைப் பாட்டி சொன்னால் மூடநம்பிக்கை என்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"சார், ஐந்நூறுக்கும் மேலே படி. என் முட்டி தாங்காது" என்று ஒரு நண்பர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரே ஐரோப்பாவில் ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர் நடந்ததாக, கல் பாவிய தெருவில் கால் வீங்கியதாக, பெருமையாகச் சொன்னவர். அங்கே வீங்கினால் அனுபவம், இங்கே வீங்கினால் அவஸ்தையா? மலை ஏற முடியாதவர் ஏற வேண்டாம். தாழக்கோயில் தரையில்தான் இருக்கிறது, குளம் தரையில்தான் இருக்கிறது. பௌர்ணமியில் மலையைச் சுற்றி ஜனங்கள் கிரிவலம் வருகிறார்கள், முடிந்த தூரம் அவர்களோடு நடக்கலாம், முடியாவிட்டால் ஆட்டோ பிடிக்கலாம்.

"வசதி கிடையாது, சுத்தம் போதாது, விவரம் சொல்ல ஆள் இல்லை" என்பது அடுத்த குறை. இது நிஜம். ஆனால் இதற்கு மருந்து போகாமல் இருப்பதா? ஆள் வராத ஊரில் யார் நல்ல ஓட்டல் வைப்பான்? எந்தப் படித்த பையன் கைடு வேலைக்கு வருவான்? மத்தியானம் வரைக்கும் பூவும் தேங்காயும் விற்றுச் சாப்பிடுகிற குடும்பங்கள் அந்த மலையடிவாரத்தில் இருக்கின்றன. யாத்திரை ஊர் யாத்திரிகனால்தான் பிழைக்கும். மகாபலிபுரம் வரைக்கும் காரில் வந்து, மீன் வறுவல் சாப்பிட்டு, செல்ஃபி எடுத்து, ஈ.சி.ஆரிலேயே திரும்பிப் போகிற ஒவ்வொரு காரும் அந்தக் குடும்பங்களைத் தாண்டித்தான் போகிறது.

சந்தியாகோவும் சும்மா பிழைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அந்தப் பாதையை நடந்து முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான். பாதை புதர் மண்டிப்போய், எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியாத நிலைமை. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குச் சாமியார் எலியாஸ் வலீஞா, 1984இல் ரோட்டுக்கு அடிக்கும் மஞ்சள் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மரத்தில், கல்லில், சுவரில், வழி தப்பும் இடமெல்லாம் மஞ்சள் அம்புக்குறி போட்டார். 1989இல் அவர் காலமாகிவிட்டார். அம்புக்குறி மட்டும் நின்றது, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 2023இல் சான்றிதழ் வாங்கியவர்கள் 4,40,000 பேருக்கும் மேல். அதில் மத நம்பிக்கையே இல்லாதவர்களும் ஏராளம். அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் ஒரு மந்திரியோ ஒரு கமிட்டியோ இல்லை. ஒரு கிராமத்துச் சாமியாரும் ஒரு டப்பா பெயின்ட்டும்தான்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் பதினைந்து கிலோமீட்டர். செங்கல்பட்டிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். விடியற்காலை கிளம்பினால் இளவட்டங்கள் நான்கு மணி நேரத்தில் நடந்துவிடுவார்கள். கடற்கரைக் கோயிலில் தொடங்கி வேதகிரியில் முடியும் ஒரு நடைப்பாதை! பல்லவன் குடைந்த கல் இரண்டு முனையிலும். உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தப் பாக்கியம் உண்டு? நம் பள்ளிக்கூடங்களின் என்.எஸ்.எஸ். பிள்ளைகள் நினைத்தால், ஊராட்சிகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் குறி போட்டுவிடலாம். தயவுசெய்து ஒருகல் மண்டபத்தின்மேல் மட்டும் போட வேண்டாம், டச்சுக்காரன் போட்டதே போதும்.

குரு கன்னி ராசியில் நுழையும்போது சங்கு தீர்த்தத்தில் புஷ்கர மேளா, ஊரெல்லாம் லட்ச தீபம். 2016 ஆகஸ்டில் நடந்தது, அடுத்தது 2028இல். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் வயதில் அது கொஞ்சம் துணிச்சலான திட்டம். 2028க்கு உயிரோடும் முட்டியோடும் இருந்தால் மறுபடியும் போகலாம், இப்போது போவதை அது தடுக்கவில்லையே.

ஆகவே நண்பர்களே, ஐரோப்பாவுக்கு எழுதிய பட்ஜெட்டில் ஒரு முந்நூறு ரூபாயை இதற்கு எடுத்து வையுங்கள். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினால் வழியில் இறங்கிக்கொள்ளலாம். மழை நின்றபின், மார்கழி, தை மாதங்களில் போவது உத்தமம். வெயில் ஏறினால் படி காலைச் சுடும், அதனால் மலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலைக் கையில் ஆட்டிக்கொண்டு போகாமல் பைக்குள் வையுங்கள், குரங்கு பறித்துவிடும். இறங்கும்போது ஒருகல் மண்டபத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள். மத்தியானம் நடை சாத்திய நேரத்தில் ஊருக்குள் சாப்பிட்டுவிட்டு, சாயந்திரம் தாழக்கோயிலையும் குளத்தையும் பாருங்கள். பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தால் அவசியம் கூட்டிப்போங்கள். கழுகு எங்கே தாத்தா என்று அவர்கள் கேட்டால், நடந்ததை நடந்தபடியே, அந்த ஊசி மருந்துக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.